ஃப்ளட் சோதனையில் தேறும் கேமரா, எலும்பு ஸ்கேனில் மட்டும் ஏன் கலங்குகிறது?

இரண்டாம் ஷிஃப்ட் எழுதியது:

வணக்கம். அணு மருத்துவப் பிரிவில் டெக்னாலஜிஸ்டாக எனக்கு இது மூன்றாவது வருடம். எங்களிடம் இருப்பது இரட்டைத் தலை காமா கேமரா (உடலுக்குள் போன கதிர்மருந்திலிருந்து வரும் காமாக் கதிர்களை மேலும் கீழும் இரண்டு டிடெக்டர் தலைகளால் படமாக்கும் கருவி), ஒன்பது வயது ஆகிறது.

ஐந்து மாதமாக எலும்பு ஸ்கேன் படங்கள் எனக்கே பிடிக்கவில்லை. முன்பெல்லாம் கீழ்முதுகில் முள்ளெலும்புகளை ஒன்று, இரண்டு என்று விரல் வைத்து எண்ணலாம். இப்போது மழையில் நனைந்த மண்சுவர் போல எல்லாம் ஒன்றாக இழைந்து நிற்கிறது. விலா எலும்புகளின் ஓரமும் அப்படித்தான். நேற்று மருத்துவர் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டி, "இங்கே தெரிவது நோயாளியின் எலும்பா, நம் கேமராவின் வயதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சோதனைகளில் குறை வைக்கவில்லை. தினமும் காலையில் கோபால்ட்-57 தட்டை வைத்து ஃப்ளட் எடுக்கிறோம், அதாவது தலை முழுவதும் ஒரே அளவு கதிர் படவைத்துப் படம் சீராக வருகிறதா என்று பார்க்கிறோம். சீர்மையில் ஏற்ற இறக்கம் எப்போதும் 4 சதவீதத்துக்குள் இருக்கிறது. இரண்டு மாதங்களுக்கு முன் புதிய தட்டு வந்தபோது 2.6-இலிருந்து 3.5-க்கு ஏறியது. பொறியாளர் இரண்டு முறை வந்தார். "எல்லாம் அளவுக்குள்தான் இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போய்விட்டார்.

எங்கள் முறை: டெக்னீசியம்-99எம் எம்.டி.பி. (எலும்பில் போய்ச் சேரும் கதிர்மருந்து) 20 மில்லிகியூரி, ஊசி போட்டு மூன்று மணி நேரம் கழித்து ஸ்கேன். எல்.இ.எச்.ஆர். கொலிமேட்டர் (குறைந்த ஆற்றலுக்கான உயர் பிரிதிறன் ஈயச் சல்லடை), 20 சதவீத ஆற்றல் சாளரம் (கேமரா ஏற்கும் காமா ஆற்றலின் எல்லை), 256×1024 பிக்சல் மேட்ரிக்ஸ், மேசை வேகம் நிமிடத்துக்கு 12 செ.மீ. ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 20 லட்சம் கவுண்ட் (பதிவான காமாக்கள்) வருகிறது. ஒரு வருடத்துக்கு முந்தைய படங்களிலும் இதே அளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா என்று தெரியவில்லை. டிடெக்டர் உடலை ஒட்டித் தானாக ஏறி இறங்கும் வசதி நடுநடுவே மோதல் எச்சரிக்கை கொடுத்து ஸ்கேனையே நிறுத்திக்கொண்டிருந்தது. பாதி உடலில் நின்றுபோனால் நோயாளியை மறுபடி படுக்கவைக்க வேண்டும். அதனால் அதை அணைத்துவிட்டு, இரண்டு தலைகளுக்கும் ஒரே எண்ணைக் கையால் கொடுத்து ஓட்டுகிறோம். இப்போது எச்சரிக்கைத் தொல்லை இல்லை.

எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

மின்னல்வேகம் எழுதியது:

படம் தெளிவாக இல்லை என்றால் கவுண்ட் போதவில்லை என்றுதான் அர்த்தம். டோஸை 25 ஆக்குங்கள், மேசை வேகத்தை 8 ஆகக் குறையுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம், பிரச்சினை தீர்ந்தது. கேமரா பழையதாகிவிட்டால் உள்ளே காமாவை ஒளியாக்கும் படிகம் களைத்துவிடும்.

கதிர்மருந்து எழுதியது:

கேமராவைத் திட்டுவதற்கு முன் ஹாட் லேப் (கதிர்மருந்து தயாரிக்கும் அறை) பக்கமும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். நான் அந்தப் பக்கத்து ஆள். படம் கெட்டால் பழி முதலில் எங்கள் மேல்தான் விழும், சில சமயம் நியாயமாகவே விழும்.

உங்கள் படங்களில் தைராய்டு, உமிழ்நீர்ச் சுரப்பிகள், வயிறு தெரிகின்றனவா? தெரிந்தால் எம்.டி.பி.யோடு சேராத டெக்னீசியம், அதாவது பெர்டெக்னெடேட், உடலுக்குள் போயிருக்கிறது. குப்பிக்குள் காற்று புகுந்தாலே போதும். ஸ்டேனஸ் வெள்ளீயம் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும், பிறகு டெக்னீசியத்தை எம்.டி.பி.யோடு கட்டிப்போட ஆளில்லை. சிரிஞ்சில் மருந்தை உறிஞ்சும்போது ஈடுகட்டுகிறேன் என்று குப்பிக்குள் காற்றைத் தள்ளும் பழக்கம் யாருக்காவது இருக்கிறதா என்று கவனியுங்கள். எங்கள் இடத்தில் ஒருவருக்கு இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. எவ்வளவு சேராமல் நிற்கிறது என்று மெல்லடுக்குப் பட்டை ஒன்றை ஓட்டிப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும், அதைச் செய்யத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை.

தொடையில் எலும்பைச் சுற்றிச் சதை முழுவதும் சாம்பல் பூத்தது போல் இருந்தால், நோயாளி போதிய தண்ணீர் குடிக்கவில்லை, அல்லது சிறுநீரகம் மெதுவாக வேலை செய்கிறது, அல்லது நீங்கள் சீக்கிரம் ஸ்கேன் எடுத்துவிட்டீர்கள்.

ஆனாலும் ஒன்று. மருந்து சரியில்லாவிட்டால் படத்தின் மேல் படலம் விழும், எலும்பின் ஓரம் கரையாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஓரமே கரைந்திருக்கிறது. படலம் வேறு, கரைசல் வேறு. ஆகையால் இந்தமுறை நாங்கள் குற்றவாளிகள் இல்லை என்று நினைக்கிறேன்.

ஈயச்சல்லடை எழுதியது:

மருத்துவ இயற்பியலாளனாக இருபத்திரண்டு வருடம் காமா கேமராக்களோடு மல்லுக்கட்டியவன். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டோஸைக் கூட்டும் யோசனையை ஒதுக்கிவைப்போம். 20 லட்சம் கவுண்ட் வருகிறது, முன்பும் அதுதான் வந்தது என்கிறீர்கள். அப்படியானால் கவுண்ட் பஞ்சம் இல்லை. கவுண்ட் குறைந்தால் படம் பொரிப்பொரியாக, ரவை தூவியது போல் ஆகும்; கரையாது. கவுண்டை இரண்டு மடங்கு ஆக்கினால்கூட அந்தப் பொரி 1.4 மடங்குதான் அடங்கும், வர்க்கமூலக் கணக்கு அது. கரைந்த ஓரம் கரைந்த ஓரமாகவே, கொஞ்சம் வழவழப்பாகத் தெரியும். அதற்காக ஒரு நோயாளிக்கு 25 சதவீதம் கூடுதல் கதிரியக்கம் ஏற்றுவதில் எனக்குச் சம்மதமில்லை. படிகம் களைத்துப்போகும் என்பதும் சரியல்ல. சோடியம் அயோடைடு படிகம் உழைப்பால் தேய்வதில்லை. அதன் எதிரிகள் ஈரமும் திடீர் வெப்ப மாற்றமும்தான். ஈரம் பட்டால் மஞ்சளாகும், ஏசி நின்று சட்டென்று வெப்பநிலை மாறினால் விரிசல் விடும். இரண்டும் நடந்திருந்தால் உங்கள் ஃப்ளட்டே கத்தியிருக்கும்.

இனி உங்கள் கடைசிப் பத்திக்கு வருகிறேன். தொடர்பு இருக்குமா என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் கணிப்பில் கதை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

கொலிமேட்டர் லென்ஸ் இல்லை. அது ஈயத்தில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் போட்ட சல்லடை. நோயாளியிடமிருந்து கிளம்பும் காமாக்களில் பத்தாயிரத்துக்கு ஒன்றிரண்டை மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தின்றுவிடும். லென்ஸ் இருந்தால் தூரத்துக்கு ஏற்பக் குவியத்தை மாற்றலாம். சல்லடைக்குக் குவியம் கிடையாது, கிட்டே வைப்பது ஒன்றுதான் வழி. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். துளையின் அகலம் 1.5 மி.மீ., நீளம் 24 மி.மீ. என்று வையுங்கள். அந்தத் துளை வழியாக 5 செ.மீ. தள்ளிப் பார்த்தால் ஒரு புள்ளி 4.6 மி.மீ. அகலத்துக்குப் பரவும். 10 செ.மீ.-இல் 7.75. 20 செ.மீ.-இல் 14. படிகமும் அதன் ஒளியை மின்குறிப்பாக்கும் குழாய்களும் சேர்ந்து தங்கள் பங்குக்கு 4 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாகக் கலக்குகின்றன. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் மொத்தம் முறையே 6, 8.6, 14.5 மி.மீ. என்று வரும். 20 செ.மீ.-இல் படிகம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் பயனில்லை என்பதைக் கவனியுங்கள், கொலிமேட்டரே எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. கீழ்முதுகில் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டின் தடிமன் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். 14.5 மி.மீ. பரவும் படத்தில் அது எப்படித் தெரியும்?

தோலுக்கும் முள்ளெலும்புக்கும் நடுவிலுள்ள சதையை நாம் ஒன்றும் செய்ய முடியாது. மேசைக்கும் டிடெக்டருக்கும் நடுவிலுள்ள காற்று நம் கையில்தான் இருக்கிறது. இரண்டு தலைகளுக்கும் ஒரே எண் கொடுத்தோம் என்கிறீர்கள். மேலே இருக்கும் தலை, வயிறு பெருத்த நோயாளிக்கும் இடிக்காத உயரத்தில் நிற்க வேண்டும். அதே எண்ணைக் கீழே இருக்கும் தலைக்கும் கொடுத்தால், அது மேசைக்கு அடியில் எவ்வளவு பள்ளத்தில் கிடக்கிறது? குனிந்து பார்த்தீர்களா?

இது ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்று கேட்பீர்கள். இணைத்துளைக் கொலிமேட்டரில் தூரம் கூடினால் கவுண்ட் குறையாது. ஒவ்வொரு துளைக்கும் வருவது குறையும், ஆனால் அதே புள்ளியைப் பார்க்கும் துளைகளின் எண்ணிக்கை கூடிவிடும், கணக்கு நேராகிவிடும். அதனால்தான் உங்கள் 20 லட்சம் 20 லட்சமாகவே நிற்கிறது. ஃப்ளட்டும் காட்டிக்கொடுக்காது. வெள்ளையடித்த சுவரைப் புரை விழுந்த கண்ணால் பார்த்தாலும் வெள்ளையாகத்தான் தெரியும். சீர்மைச் சோதனை சீர்மையை மட்டும்தான் சொல்லும். அதோடு, அதை எடுக்கும்போது தட்டு கொலிமேட்டர் மேலேயே கிடக்கிறது. உங்கள் பொறியாளர் பொய் சொல்லவில்லை, யாரும் கேட்காத கேள்விக்குச் சரியான பதிலை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

என் பேச்சை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். மெல்லிய கேப்பிலரிக் குழாய் ஒன்றில், உள்விட்டம் ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் கீழ், கொஞ்சம் டெக்னீசியத்தை ஏற்றி இரு முனைகளையும் அடைத்துவிடுங்கள். கையுறையும் கீழே உறிஞ்சு தாளும் கட்டாயம். குழாயைப் பிக்சல் வரிசைக்கு நேராக ஒரு அட்டையில் ஒட்டி, கொலிமேட்டரிலிருந்து 5, 10, 20 செ.மீ. உயரங்களில் ஒவ்வொரு படம் எடுங்கள். மேட்ரிக்ஸ் 512 வையுங்கள். முழு உடல் ஸ்கேனின் பிக்சல் 2 மி.மீ.க்கு மேல் போகும், இந்த அளவுக்கு அது முரடு. குழாய்க்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் குன்று ஒன்று வரும். அதன் பாதி உயரத்தில் உள்ள அகலம்தான் நீங்கள் தேடும் எண்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. ஆற்றல் சாளரம் உண்மையிலேயே டெக்னீசியம் காமாவின் ஆற்றலான 140 கேஇவியில்தான் நிற்கிறதா என்று, ஃப்ளட்டின்போது அல்ல, நோயாளி படுத்திருக்கும்போது ஸ்பெக்ட்ரத்தை (எந்த ஆற்றலில் எத்தனை காமா வருகிறது என்ற வரைபடம்) திறந்து பாருங்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு திங்கள்கிழமை. காலையில் கோபால்ட் தட்டு வைத்து ஃப்ளட் எடுத்தது நான். கோபால்ட்டின் காமா 122 கேஇவி, அதற்கான சாளரம் 110-இலிருந்து 134 வரை. எடுத்து முடித்தேன், சாளரத்தைத் திருப்பி வைக்கவில்லை. அந்தக் கேமராவில் அது தானாகத் திரும்பாது. அடுத்தடுத்து மூன்று நோயாளிகளை அதே சாளரத்தில் ஓட்டினோம். டெக்னீசியத்திலிருந்து நேராக வரும் 140 கேஇவி காமாக்களில் பெரும்பகுதி அதற்குள் நுழையவே முடியாது. உடலுக்குள் மோதி 33 டிகிரியிலிருந்து 90 டிகிரி வரை திரும்பியவை அச்சாக அதற்குள் பொருந்தும். அதாவது நல்லவர்களை வாசலில் நிறுத்திவிட்டு, வழி தவறியவர்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறோம். மூன்றாவது படத்தில் தலை எது, தோள் எது என்றே தெரியவில்லை. மருத்துவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கணினி முன் வந்து உட்கார்ந்தார், ஸ்பெக்ட்ரத்தைத் திறந்தார், சாளரக் கோடுகள் இரண்டும் உச்சியின் இடப்பக்கம் நிற்பதை ஒரு விரலால் காட்டினார், எழுந்து போய்விட்டார். நல்லவேளை, மருந்து உடலில் இருந்தது. மூவரையும் உடனே மறுபடி படுக்கவைத்து எடுத்தோம். அன்றிலிருந்து முதல் நோயாளியின் ஸ்பெக்ட்ரத்தைப் பார்க்காமல் நான் மேசையை நகர்த்தியதில்லை.

உங்களுக்கு அது நடந்திருந்தால் கவுண்ட் தடாலென்று விழுந்திருக்கும், ஆகவே அதற்கு வாய்ப்புக் குறைவு. இருந்தாலும் பாருங்கள். சாளரம் சரியாக இருந்தாலும் சிதறல் முழுவதும் வெளியே நிற்காது என்பதையும் மனதில் வையுங்கள். 20 சதவீதம் என்றால் 126 முதல் 154 வரை. 45 டிகிரி திரும்பிய காமாவுக்கு இன்னும் 130 கேஇவி மிச்சம் இருக்கும், அது தாராளமாக உள்ளே வந்துவிடும். உங்கள் கேமராவின் ஆற்றல் பிரிதிறன் (அருகருகே உள்ள ஆற்றல்களைப் பிரித்தறியும் திறன்) 10 சதவீதத்துக்குள் இருந்தால் 15 சதவீதச் சாளரத்தை முயன்று பார்க்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள். முதலில் தூரம்.

இரண்டாம் ஷிஃப்ட் எழுதியது:

ஐயா, குனிந்து பார்த்தேன். கையில் அளவுகோலோடு.

கீழ்த் தலை மேசைப் பலகைக்கு அடியில் 13 செ.மீ. தள்ளி நிற்கிறது. மேல் தலைக்கும் ஒல்லியான நோயாளியின் மார்புக்கும் நடுவில் 21 செ.மீ. இத்தனை நாளாக இந்த அறைக்குள்தான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரிகிறது.

கேப்பிலரி சோதனையும் செய்துவிட்டேன். 5 செ.மீ.-இல் 5.9 மி.மீ., 10-இல் 8.3, 20-இல் 13.9. நீங்கள் துளையை வைத்துப் போட்ட கணக்கை ஒட்டியே வருகிறது. அப்படியென்றால் படிகத்திலும் கொலிமேட்டரிலும் கோளாறு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? ஸ்பெக்ட்ரமும் பார்த்தேன், உச்சி 140-இல், சாளரத்தின் நடுவில் நிற்கிறது.

பிறகு இன்று மதியம் நடந்தது. முதுகுவலிக்காக அனுப்பப்பட்ட ஒரு பெரியவருக்கு முழு உடல் ஸ்கேனைப் பழைய எண்ணிலேயே முடித்தேன். அவரிடம், "ஐயா, இன்னும் ஐந்து நிமிடம் அசையாமல் படுத்திருக்க முடியுமா? மறுபடி ஊசி கிடையாது" என்று கேட்டேன். "ஊசி இல்லையென்றால் ஒரு மணி நேரம்கூடப் படுக்கிறேன்" என்றார். கீழ்த் தலையை மெதுவாக ஏற்றி, மேசைப் பலகையோடு ஒரு விரல் இடைவெளியில் நிறுத்தினேன். கீழ்முதுகுக்கு மட்டும் ஒரு நிலைப்படம், 5 லட்சம் கவுண்ட்.

திரையில் படம் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பும் அல்லவா, முதல் ஒரு லட்சத்திலேயே தட்டுகளின் இடைவெளி கோடு கோடாக எழுந்துவிட்டது. ஐந்து முள்ளெலும்புகளும் தனித்தனியாகத் தெரிந்தன. நான்காவதன் வலப்பக்க மூட்டில் ஒரு சிறு புள்ளி இருந்தது. பத்து நிமிடம் முன்பு எடுத்த படத்தில் அதே இடம் வெறுமனே கொஞ்சம் கருத்த மேகம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மருத்துவரிடம் காட்டினேன். அதே நோயாளி, அதே மருந்து, அதே கேமரா. அவர் விரல் வைத்து எண்ணினார்.

தானாக ஏறி இறங்கும் வசதியைச் சரிசெய்யப் பொறியாளரைக் கூப்பிட்டிருக்கிறேன். அதுவரை ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு தலைகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கிறேன்.

மூன்று டிகிரி எழுதியது:

எல்லோரும் முழு உடல் ஸ்கேனையே பேசுகிறீர்கள். அதே கேமராவில் ஸ்பெக்ட் (தலைகள் உடலைச் சுற்றிவந்து எடுக்கும் குறுக்குவெட்டுப் படம்) எடுக்கிறீர்களா? எடுத்தால், அங்கேயும் யாராவது "எதற்கு வம்பு" என்று சுற்றுப்பாதையின் ஆரத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தலை உடலை ஒட்டிப் போகாமல் பெரிய வட்டமாகச் சுற்றினால், 120 கோணங்களிலும் கலங்கல் சேர்ந்துவிடும். அதைப் பிற்பாடு மென்பொருளின் பிரிதிறன் மீட்பு சரிசெய்யும் என்பார்கள். ஓரளவு செய்யும். இல்லாத தகவலை அது எங்கிருந்து கொண்டுவரும்?

அப்புறம், 2.6-இலிருந்து 3.5-க்கு ஏறிய அந்தச் சீர்மை. நிலைப்படத்தில் அது கண்ணுக்கே தெரியாது, சரிதான். ஸ்பெக்ட்டில் அப்படி விட முடியாது. டிடெக்டரின் ஒரு மூலையில் நிலையாக இருக்கும் சிறு குறை, தலை சுற்றும்போது ஒரு வளையமாகப் படத்தில் விழும். வளையம் சுழற்சி மையத்துக்கு எவ்வளவு கிட்டேயோ அவ்வளவு அழுத்தமாக விழும். ஸ்பெக்ட்டுக்கான திருத்த ஃப்ளட்டை அதனால்தான் பொறுமையாக எடுக்க வேண்டும். ஒரு பிக்சலுக்கு 10,000 கவுண்ட் வந்தால்தான் புள்ளியியல் ஏற்ற இறக்கம் 1 சதவீதத்துக்கு வரும். தினசரிக்கு எடுக்கும் குறைந்த கவுண்ட் ஃப்ளட்டைத் திருத்தத்துக்குப் பயன்படுத்தினால், குறையை நாமே அச்சடித்து எல்லா நோயாளிக்கும் கொடுத்த மாதிரி.

ஈயச்சல்லடை எழுதியது:

'இரண்டாம் ஷிஃப்ட்', அந்த இரண்டு படங்களையும் அழித்துவிடாதீர்கள். நோயாளியின் பெயரை நீக்கிவிட்டு அச்செடுத்து கேமரா அறைச் சுவரில் ஒட்டுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு நான் இரண்டு மணி நேரம் பேசுவதை அது இரண்டு நொடியில் சொல்லிவிடும். ஆமாம், கேப்பிலரி எண்கள் இப்படி வந்தால் படிகத்தையும் கொலிமேட்டரையும் நிம்மதியாக விட்டுவிடலாம்.

தட்டு விஷயத்தில் 'மூன்று டிகிரி' சொல்வது நியாயம். ஆனால் அது கேமராவின் குறையா, தட்டின் குறையா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். தட்டை 180 டிகிரி திருப்பி வைத்து மறுபடி எடுங்கள். மேடு பள்ளமும் கூடவே திரும்பினால் தட்டில் கோபால்ட் சீராகப் பூசப்படவில்லை. திரும்பாமல் அங்கேயே நின்றால் உடனே கேமராவைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள், புதிய தட்டுக்கே உரிய ஒரு சேட்டை இருக்கிறது. கோபால்ட்-57 தயாரிக்கும்போது கோபால்ட்-56, கோபால்ட்-58 இரண்டும் துளி அளவு சேர்ந்து வந்துவிடும். இவற்றின் காமாக்கள் 800 கேஇவிக்கு மேல். அவற்றுக்கு உங்கள் எல்.இ.எச்.ஆர். சல்லடை ஒரு பொருட்டே அல்ல, ஈயத்தைத் துளைத்துக்கொண்டு படிகத்துக்குள் இறங்கிவிடும். இறங்கி, சாளரத்துக்குள்ளும் கொஞ்சம் சிதறலைத் தள்ளி, சீர்மையைக் கெடுக்கும். ஆறுதலான செய்தி, அவற்றின் அரை ஆயுள் 77 நாளும் 71 நாளும்தான், கோபால்ட்-57-க்கு 272 நாள். தட்டு பழசாகப் பழசாகக் குணம் மேம்படும். அதுவரை தட்டைக் கொலிமேட்டர் மேலேயே வைக்காமல் சற்று உயர்த்தி வைத்து எடுத்துப் பாருங்கள்.

இறுதித் தீர்ப்பு வேண்டுமென்றால் கொலிமேட்டரைக் கழற்றிவிட்டு டெக்னீசியம் புள்ளி மூலத்தால் எடுக்க வேண்டும். மூலம் பார்வைப் பரப்பின் அகலத்தைப் போல ஐந்து மடங்கு தூரத்தில் இருக்க வேண்டும். 54 செ.மீ. அகலத் தலைக்கு 2.7 மீட்டர். நொடிக்கு 20,000 கவுண்ட்டுக்கு மேல் போகவேண்டாம். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். ஊசி போட்டுக்கொண்ட நோயாளி வெளியே நாற்காலியில் காத்திருந்தால், கொலிமேட்டர் இல்லாத டிடெக்டர் சுவரைத் தாண்டி அவரையும் பார்த்துவிடும். சிரிக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் சாய்ந்த ஃப்ளட்டுக்குக் காரணம் தேடி நான் அரைநாள் குழாய்களைத் திருகியிருக்கிறேன். கடைசியில் அவர் தேநீர் குடிக்க எழுந்து போனதும் ஃப்ளட் தானாகச் சரியாயிற்று.

கதிர்மருந்து எழுதியது:

எல்லாம் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் யாரும் கேட்கவில்லை: நடுவில் போன அந்த ஐந்து மாதப் படங்களை என்ன செய்யப்போகிறீர்கள்?

இரண்டாம் ஷிஃப்ட் எழுதியது:

அக்கா, இரண்டு நாளாக என் தலையிலும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. மறைக்காமல் மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். தானாக ஏறி இறங்கும் வசதியை அணைத்த தேதி கேமராவின் பதிவேட்டில் இருக்கிறது, யார் அணைத்தது என்பதும் இருக்கிறது. நான்தான். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "தேதி தெரிகிறதே, அதுவே பெரிது" என்றார். அந்த நாளிலிருந்து எடுத்த எல்லாப் படங்களையும் இறக்கி வைக்கச் சொல்லி, மாலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெரும்பாலானவற்றில் முடிவு மாறாது என்கிறார். பெரிய இடங்கள் கலங்கிய படத்திலும் தெரியத்தான் செய்யும். முதுகெலும்பில் சிறிய இடம் ஒன்றைப் பொறுத்தே அறிக்கை எழுதப்பட்ட சிலரைத் தனியாகக் குறித்திருக்கிறார். அவர்களை அனுப்பிய மருத்துவர்களிடம் அவரே பேசுகிறார். இதுவரை ஏழு பேர். இரண்டு பேர் மறுபடி வருகிறார்கள்.

மற்றவையும் சொல்லிவிடுகிறேன். தட்டைத் திருப்பி வைத்தேன், மேடு பள்ளம் நகரவில்லை. டெக்னீசியத்தால் எடுத்தபோது 2.7 சதவீதம் வந்தது, ஆகவே கேமரா மேல் குற்றமில்லை. தட்டை 15 செ.மீ. உயர்த்தி வைத்தால் 2.9. ஸ்பெக்ட்டின் ஆரத்தையும் பார்த்தேன், அதையும் யாரோ பெரிதாக்கித்தான் வைத்திருந்தார்கள், அது நான் இல்லை. பொய் மோதல் எச்சரிக்கைக்குக் காரணம் மேல் தலையின் ஓரத்தில் இருக்கும் அகச்சிவப்புக் கண்ணாடி. அதன் மேல் ஒரு நகத்தளவு பிளாஸ்திரிப் பசை. போர்வை நழுவாமல் இருக்க யாரோ ஒட்டிப் பிய்த்திருக்கிறார்கள். பொறியாளர் துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார், அரை நிமிட வேலை. அதன்பின் நேற்றும் இன்றுமாகப் பதினொரு ஸ்கேன், ஒருமுறைகூட நிற்கவில்லை.